உங்களை முன்னோடி என்று எழுதிவிட்டார்கள்

அன்புள்ள நெட்டையாருக்கு,

உங்கள் குள்ளி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் நலமாக இல்லை. அங்கே உங்கள் நலத்தை அறிய எனக்கு ஆவலும் இல்லை, அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன். கடிதம் என்றால் மேலே மரியாதையாக இரண்டு வரி எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள், அதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். திட்டி எழுதுவது எப்படி என்கிற பாடம் அடுத்த வகுப்பில் இருந்திருக்கும் போல. பரவாயில்லை, அதை உங்களோடு குடித்தனம் நடத்தியே கற்றுக்கொண்டேன்.

வாயால் திட்டாமல் ஏன் காகிதத்தில் என்று கேட்பீர்கள். வாயால்தான் முதலில் திட்டினேன். நீங்கள் போய்ச் சேர்ந்த மறுவாரம் சமையலறை அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் உங்கள் வாக்கி டாக்கி கிடந்தது. எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். "யோவ் நெட்டை! சொல்லாம கொள்ளாம கெளம்பிட்டியே, ஒரு வார்த்தை சொன்னா வாயி தேஞ்சா போயிரும்? பீரோ சாவி எங்கய்யா? என்னை இங்க தனியா விட்டுட்டு அங்க யாருக்கு வழி காட்டப் போயிட்ட?" என்று மூச்சு விடாமல் கத்திவிட்டுக் கையை எடுத்தேன். கரகரவென்று ஒரு சத்தம். "அம்மா, நான் கிரேன்காரன் பேசுறேன். நாங்க எல்லாரும் இதே லைன்லதாம்மா இருக்கோம்." அப்புறம் வேறு ஒரு குரல், "நீங்க பேசுங்கம்மா, நாங்க கேக்கலை." உங்கள் கம்பெனி முழுக்க வேலையை நிறுத்திவிட்டு என் பேச்சைக் கேட்டிருக்கிறது. வண்டிகள் நிற்கிற யார்டு நாலு தெரு தள்ளித்தானே, தெளிவாகக் கேட்டிருக்கும். அன்றிலிருந்து எந்த டிரைவர் எதிரில் வந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். ஆகையால் காகிதம். இதில் எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேட்காது. உங்களுக்கும்தான்.

என்ன வேலை பார்த்தீர்கள் நீங்கள்? பைலட் வண்டி. வீடு மாதிரி ஒரு டிரான்ஸ்ஃபார்மரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவார்கள், அதற்கு முன்னால் உங்கள் மஞ்சள் வண்டி, அதன் மூக்கில் நட்டுக்க நின்ற நீளக் கம்பு. கம்பு ஏதாவது கம்பியில் பட்டால் பின்னால் வருகிற சரக்கும் படும், படாவிட்டால் படாது. "வரலாம்" என்று நீங்கள் சொன்னால் டிரெய்லர் வரும், "நில்லு" என்றால் நிற்கும். ஒன்றும் சொல்லாவிட்டால்? அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தீர்கள். "சத்தம் வரலைன்னா அசையக் கூடாது." சாப்பிட உட்கார்ந்தால்கூட எனக்கு இதைச் சொல்வீர்கள், ஏதோ நானும் பதினெட்டுச் சக்கரத்தில் வருகிற மாதிரி.

வீட்டிலும் அதே வேலைதான். தெருவில் ஒரு நாளாவது என்னோடு சேர்ந்து நடந்திருக்கிறீர்களா? நெட்டைக் காலை வீசிப்போட்டு முன்னால் போய்விடுவீர்கள், திருப்பத்தில் நின்று கையைக் காட்டி "வா, வா, பள்ளம் இல்ல" என்பீர்கள். எனக்குப் பல் பிடுங்க வேண்டும் என்றால் முந்தின நாளே அந்த டாக்டர் வீட்டுக்குப் போய் வாசல் படி எத்தனை உயரம் என்று பார்த்துவிட்டு வருவீர்கள். பீரோ வாங்கினபோது மாடிப்படியை மூன்று முறை அளந்தீர்கள், கைப்பிடிக் கம்பியை அளக்க மறந்துவிட்டீர்கள், பீரோ நடுப்படியில் சிக்கி, மேல்வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு ஜன்னல் வழியாக ஏறினார். எல்லாவற்றையும் அளக்கிற இந்த மகாராஜா நம் சமையலறைக் கதவின் தாழ்ந்த நிலையில் மட்டும் தினம் தலையை இடித்துக்கொள்வார். பழைய போர்வையைக் கிழித்து மேலே மெத்தை மாதிரி கட்டினேன். அப்போதும் இடித்தீர்கள். கடைசியில் நான்தான், அடுப்பில் இருந்தாலும் சரி, தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் சரி, உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் "தலை!" என்று கத்தப் பழகிக்கொண்டேன். நீங்கள் குனிவீர்கள். என்றைக்காவது நான் மறந்தால் டொம் என்று ஒரு சத்தம், அப்புறம் "ஏன்டி சொல்லலை?" என்று எனக்கு ஏச்சு.

அப்படிப்பட்ட மனிதர் அன்று மதியம் நெஞ்சைத் தடவிக்கொண்டு "வாயு" என்றீர்கள். வாயுவாம். ஊரில் தொங்குகிற கம்பி எல்லாம் தெரிந்தவருக்குத் தன் நெஞ்சுக்குள் என்ன தொங்குகிறது என்று தெரியவில்லை. நான் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். கொண்டுவந்து பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செருப்பை மாட்டி, மற்றதைக் காலால் துழாவின மாதிரி இருந்தீர்கள். "எங்க கெளம்புறீங்க?" என்று கேட்டேன். ஏற்கெனவே கிளம்பியாயிற்று. சத்தமும் இல்லை, கையைக் காட்டவும் இல்லை. இதுதான் நீங்கள் பார்த்த பைலட் வேலையா?

அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். உங்கள் மேனேஜர் ஓடிவந்து, "அவரைச் சாதாரண வண்டியில கொண்டுபோகக் கூடாது, நம்ம டிரெய்லர்லதான் கடைசிப் பயணம், பூப்பந்தல் நல்லா உயரமா இருக்கட்டும், அவரும் உயரமான ஆளு" என்று ஆணையிட்டுவிட்டார். கிரேன்காரரும் மற்றவர்களும் அழுதுகொண்டே இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, அதன்மேல் பூவைச் சுற்றினார்கள். உங்களை மேலே ஏற்றினார்கள். வண்டி கிளம்பித் தெருமுனைக்கு வந்தது. அங்கே நம் தெருக்காரர்கள் சங்கம் நிறுத்தின இரும்பு வளைவு இருக்கிறது இல்லையா, "ஒரு நாள் எவனாவது இதுல மாட்டப் போறான்" என்று நீங்கள் சங்கத் தலைவரோடு சண்டை போட்டுப் பேச்சுவார்த்தையே நின்றுபோன அதே வளைவு, அதில் பூப்பந்தல் போய்ச் செருகிக்கொண்டது. மாட்டினது நீங்களே. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை, பின்னால் ஊர்ப்பட்ட கார், ஆட்டோ. பாலத்தையே பிரித்து ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"யாருப்பா வழி பாத்தது?" என்று மேனேஜர் கத்தினார்.

"வழி பாக்குற ஆளுதான் மேல படுத்திருக்காரே சார்," என்றார் கிரேன்காரர்.

நான் பின்னால் காரில் இருந்து இறங்கி, அழுகிறதை விட்டுவிட்டு எல்லாரையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். சங்கத் தலைவர் வந்து, "வளைவுல கீறல் விழுந்தா யாரு பொறுப்பு?" என்றார். அவரையும் ஏசினேன். அப்போதுதான் நம் மகள் வண்டியை விட்டுக் குதித்து வீட்டுப் பக்கம் ஓடினாள். அழத்தான் ஓடுகிறாள் என்று நினைத்தேன். உங்கள் மஞ்சள் வண்டியில் இருந்த கம்பைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வளைவுக்கு வைத்துப் பார்த்தாள், பந்தலுக்கு வைத்துப் பார்த்தாள். "எல்லா டயர்லயும் கொஞ்சம் காத்தை எறக்குங்க. போதும்னு நான் சொல்றப்போ நிறுத்துங்க" என்றாள். அப்படியே உங்கள் குரல். தடிமாடு மாதிரி நின்ற ஆம்பளைகள் எல்லாம் டயருக்குப் பக்கத்தில் குந்திவிட்டார்கள். வண்டி தாழ்ந்தது, பந்தல் வளைவை உரசிக்கொண்டு வெளியே வந்தது, நாலு பூ சங்கத் தலைவர் தலையில் விழுந்தது. அப்புறம் என்ன, காற்று இறங்கின டயரோடு வண்டி நடை வேகத்தில் போகிறது, அவள் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுகிறாள், ஒரு கம்பிக்கு அடியில் நின்று பார்க்கிறாள், "வரலாம்" என்று கத்துகிறாள், அடுத்த கம்பிக்கு ஓடுகிறாள். மயானம் வரைக்கும் ஓடினாள். பெற்ற அப்பன் மேலே கிடக்கிறான், இவள் செருப்பில்லாத காலோடு ரோட்டில் ஓடுகிறாள். யாராவது பார்க்கச் சகிக்குமா? நான் பார்த்தேன்.

அதை மேனேஜரும் பார்த்துவிட்டார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். உங்களுக்காக யார்டில் ஒரு கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, மைக், டீ. மேனேஜர் மைக்கைப் பிடித்து, "அவர் ஒரு முன்னோடி, நம் துறைக்கே முன்னோடி, முன்னோடிகள் மறைவதில்லை" என்று ஆரம்பித்தார். மறையவில்லையாம். அப்புறம் நான் யாருக்கு அழுகிறேன்? வேலைக்கு இருந்த காலமெல்லாம் "கம்புக்காரர்", "ஏ கம்பு, வண்டியை எடு" என்றுதானே கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெரிய சரக்கும் போய்ச் சேர்ந்ததும் படம் எடுப்பார்கள், அதில் டிரெய்லர் இருக்கும், டிரைவர் இருப்பார், கிரேன்காரர் இருப்பார், அன்றைக்கு வேலைக்கே வராத மேனேஜர் நடுவில் நிற்பார். நீங்கள் மட்டும் இருக்க மாட்டீர்கள், அடுத்த திருப்பத்தைப் பார்க்கப் போயிருப்பீர்கள். அதனால் இப்போது உங்கள் நினைவுப் பலகையில் ஒட்டப் படமே கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே படத்தில் நெற்றிக்கு மேலே வெட்டுப்பட்டிருந்தது. பலகை எழுதுகிற பெயிண்டர், மிச்சத்தைத் தானே வரைந்து, உங்கள் வழுக்கைக்குச் சுருட்டை முடி வைத்து வகிடும் எடுத்துவிட்டார். யாரோ மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், முன்னோடி.

"இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று பெயிண்டரைக் கேட்டேன்.

"எழுதிக் குடுத்ததை எழுதுறேன்மா. அர்த்தம் கேட்டா நான் வேற பொழப்புக்குப் போயிருப்பேன்," என்றார்.

மேனேஜரைக் கேட்டேன். "பெரிய பெரிய ஆளுங்களைச் சொல்ற சொல்லும்மா. ஒரு விஷயத்தை முதல்ல செஞ்சு மத்தவங்களுக்கு வழி காட்டுனவங்க. அறிவாளிங்க, தலைவருங்க, அந்த மாதிரி" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், "பைலட் வண்டி சும்மா நிக்குது. உங்க பொண்ணுக்கு லைசென்ஸ் இருக்கு, அன்னைக்கு நாங்களே பாத்தோமே, திங்கக்கிழமை வரச் சொல்லுங்க" என்றார். செல்போன் கடையில் ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளை, என் பக்கத்தில் நின்றுகொண்டு சரி என்று தலையை ஆட்டுகிறாள்! எனக்கு வந்ததே ஆத்திரம். "அப்பனைப் பெரிய ஆளுன்னு சொல்லி மக தலையில கம்பைக் கட்டுறீங்களா? எந்தத் தலைவர் கம்பு வச்சுக்கிட்டு லாரிக்கு முன்னாடி ஓடுனாரு?" என்று மைக் பக்கத்திலேயே கேட்டுவிட்டேன். மைக்கை யாரும் நிறுத்தவில்லை.

அப்போது பின்வரிசையில் இருந்து எழுந்தார் உங்கள் கணக்கர், நீங்கள் அகராதி என்று பெயர் வைத்தீர்களே, டீ ஆறிப்போனாலும் ஒரு சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டு வாதாடுகிற மனிதர். "அம்மா கேக்குறதுல தப்பே இல்ல சார். அந்தச் சொல்லே ஓடுறவனுக்கு உள்ளதுதான்" என்றார்.

"என்னய்யா சொல்றே?" என்றார் மேனேஜர்.

"முன்னால ஓடுறவன் முன்னோடி. சொல்லு அவ்வளவுதான். முன்காலத்துல பெரிய மனுஷங்க பல்லக்குலயும் குதிரை வண்டியிலயும் போவாங்கல்ல, அதுக்கு முன்னாடி ஒருத்தன் கையில கோலை வச்சுக்கிட்டு, வெலகு, வெலகு, பள்ளம், பாத்து வான்னு கத்திக்கிட்டே ஓடுவான். வேர்த்து ஒழுகும். உள்ள உக்காந்திருக்கிறவருக்கு அவன் மூஞ்சிகூடத் தெரியாது, முதுகுதான் தெரியும். அந்த மாதிரி முன்னால போறவங்களுக்கு உள்ள சொல்லு. நாளாக நாளாகத்தான் நாம அதை எடுத்துப் பெரிய ஆளுங்களுக்குப் போட்டுட்டோம்."

எனக்குக் கோபம் குறையும் என்று நினைத்தீர்களா? ரெண்டு மடங்கு ஆயிற்று. முதலில் இருந்தே உங்களுடைய சொல்! ஓடி ஓடிக் கால் வீங்கி வந்து வெந்நீரில் வைத்துக்கொள்கிற ஆளுடைய சொல்லைத் தூக்கி உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இப்போது செத்த பிறகு, ஏதோ இவர்கள் வீட்டுச் சொத்தை எடுத்துத் தருகிற மாதிரி உங்களுக்கே பரிசாகத் தருகிறார்கள். அந்தப் பலகையையும் மாட்டியது எங்கே? மேனேஜர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால். "முன்னால ஓடுனவருக்கு உங்க முதுகுக்குப் பின்னால என்ன வேலை? கழட்டுங்க" என்றேன். கிரேன்காரரே ஏணி வைத்துக் கழற்றிவிட்டார். இப்போது யார்டு வாசலில், எல்லா வண்டிக்கும் முன்னால் தொங்குகிறீர்கள். சுருட்டை முடியோடு.

வீட்டுக்கு வரும்போதுதான் ஒன்று உறைத்தது. அன்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்கள் பல்லக்கில் போனீர்கள். முன்னால் ஓட ஆள் இருந்தது. முன்னால் போகிற முதுகாகத்தான் உங்களை எனக்குத் தெரியும், அன்று உங்களுக்கும் ஒரு முதுகு தெரிந்திருக்கும், கண் மட்டும் திறந்திருந்தால்.

சரி, அதற்காக? அவளை அனுப்ப மாட்டேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். எல்லாரும் எனக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தால் நான் யார் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பது? நீங்கள் சொன்னால் கேட்பாள், நீங்கள்தான் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தீர்கள், ஆகையால் நீங்களே சொல்லி நிறுத்துங்கள், கனவிலோ எதிலோ, எப்படியோ. அதுவரைக்கும் மஞ்சள் வண்டிச் சாவியை ஒளித்து வைத்துவிட்டேன். வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடுகிறாள், கிடைக்காது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், ஸ்டூல் போட்டு ஏறி, சமையலறை நிலையில் கட்டின போர்வை மெத்தைக்குள் செருகிவிட்டேன். குள்ளி அவ்வளவு உயரத்தில் வைப்பாள் என்று யாருக்குத் தோன்றும்? அவளோடு பேச்சையும் நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமை தாண்டட்டும், வாயைத் திறக்கிறேன்.

பீரோ சாவி இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் சட்டைகளை யாருக்கும் கொடுக்கவில்லை, அவ்வளவு நீளக் கை யாருக்கு இருக்கிறது? அங்கே உங்களைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அவர்களையும் விட்டுவிட்டு முன்னால் நடக்காதீர்கள். எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள். கோபம் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் குள்ளி

பின்குறிப்பு: மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிடலாம் என்றால் காகிதம் கிழிந்துவிடும், அப்படியே இருக்கட்டும். நேற்று அவள் வேலை விட்டு வந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தாள். உங்கள் உயரம்தானே அவளும். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலடிச் சத்தம் கேட்டது. வாய் வரைக்கும் வந்துவிட்டது, பேசக் கூடாது என்று விழுங்கிக்கொண்டேன். டொம். மெத்தைக்குள் கிலுகிலுவென்று சத்தம். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கையை விட்டுச் சாவியை எடுத்தாள். எடுத்துக்கொண்டு ஓடுவாள் என்று நினைத்தேன். கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "ஏம்மா சொல்லலை?" என்று கேட்டாள். அதே ஏச்சு, அதே மூஞ்சி. அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "நீயே சொல்லும்மா. சத்தம் வரலைன்னா அசையக் கூடாதுன்னுதான அப்பா சொல்வாரு. நீ சொல்ற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்" என்றாள். நின்றாள். குழம்பு அடிப்பிடித்தது, நின்றாள். நான் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன்? "வரலாம்" என்றேன். "தலை" என்றும் சேர்த்துச் சொன்னேன். குனிந்து வந்தாள்.

இன்று திங்கட்கிழமை. இதை மஞ்சள் வண்டியில் அவளுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து ஆடுவது அதனால்தான். என்னை ஏற்றிக்கொள்ளாமல் வண்டி நகராது என்று சொல்லிவிட்டேன். வாக்கி டாக்கி என் மடியில் இருக்கிறது. அதற்கு உயரம் வேண்டியதில்லை, வாய் இருந்தால் போதும். பின்னால் ஏதோ பெரிய பாய்லர் வருகிறது. நான் "வரலாம்" என்றால் வருகிறது, "நில்லு" என்றால் நிற்கிறது, ஆயுசிலேயே நான் சொல்லி இவ்வளவு பெரிய எதுவும் கேட்டதில்லை. கிரேன்காரர், "அம்மா, இன்னைக்குத் திட்டு இல்லையா?" என்று கேட்கிறார்.

உங்களிடமிருந்து சத்தம் வரவில்லை, ஆகையால் நான் இப்போதைக்கு அங்கே வருவதாக இல்லை, உங்கள் சட்டப்படியே நிற்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அன்று நான் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தேன், நீங்கள் கிளம்பினது தெரியாது, சொல்லவும் இல்லை. அங்கே நுழைகிற வாசல் எவ்வளவு உயரமோ. "தலை"ன்னு சொல்ல அங்க யாராவது இருந்தாங்களா, இல்ல இடிச்சுக்கிட்டீங்களா?